கடலூரிலிருந்து முள்ளோடை போய் பெட்ரோல் போட்டால் லாபமா? தினசரி வண்டிச் செலவைக் குறைக்க வேறு வழி உண்டா?

கேட்டவர் திருப்பாதிரிப்புலியூரில் குடியிருப்பவர். வேலை உள்ளூரிலேயே. ஆறு வருடப் பழைய பைக் லிட்டருக்கு நாற்பது கிலோமீட்டரைத் தாண்டவில்லை, அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் எல்லை தாண்டிப் புதுச்சேரி பக்கத்து முள்ளோடைக்குப் போய் டேங்கை நிரப்பிக்கொண்டு வரலாமா என்று கேட்டிருக்கிறார்.

பெட்ரோலுக்காக மட்டும் போவதென்றால் லாபம் இல்லை. வேறு வேலையாக அந்தப் பக்கம் போகும்போது போட்டுக்கொண்டு வந்தால் லாபம்தான்.

நான் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். வேலை புதுச்சேரி முதலியார்பேட்டையில். போக வர தினமும் 44 கிலோமீட்டர், மாதம் 25 நாள், ஒன்பது வருடமாக இதே சாலை. எனவே இந்தக் கணக்கைப் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன்.

புதுச்சேரியில் பெட்ரோல் விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் வரிதான். மத்திய அரசின் கலால் வரி இரண்டு பக்கமும் ஒன்றே. அதற்கு மேல் அந்தந்த அரசு போடும் வாட் வரி புதுச்சேரியில் குறைவு. லிட்டருக்கு ஐந்து ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். எட்டு லிட்டர் போட்டால் 40 ரூபாய். உங்கள் வீட்டிலிருந்து முள்ளோடை போய்த் திரும்ப ஏறக்குறைய 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது மைலேஜ் தரும் வண்டிக்கு அதுவே அரை லிட்டர், கிட்டத்தட்ட 50 ரூபாய். பத்து ரூபாய் கையை விட்டுப் போகிறது, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரமும் போகிறது. கார் வைத்திருப்பவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 30 லிட்டர் போட்டு 150 ரூபாய் மிச்சம் பிடிப்பார். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில் போய் வரவே 130 ரூபாய் ஆகிவிடும்.

சிலர் ஒரே தடவையில் நிறைய வாங்கிவிடலாம் என்று தண்ணீர் கேனிலும் பிளாஸ்டிக் பாட்டிலிலும் பிடித்து வருகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் வீட்டுக்குள் தாழப் பரவி நிற்கும். சமையலறை அடுப்பு வரைக்கும் அது போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, உங்கள் உண்மையான பிரச்சினை விலை இல்லை, அந்த நாற்பதுதான். முதலில் அது நிஜமாகவே நாற்பதுதானா என்று பாருங்கள். மீட்டரில் காட்டும் முள்ளை வைத்துச் சொல்ல முடியாது. டேங்கை நிரப்பி கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். நாலைந்து நாள் வழக்கம்போல ஓட்டிவிட்டு, அதே பெட்ரோல் பங்கில் மறுபடியும் அதே அளவுக்கு நிரப்புங்கள். இடையில் ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உங்கள் மைலேஜ். ஒரு தடவை பார்த்தது போதாது. மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள். நான் டேங்க் கவரில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, கிலோமீட்டர், லிட்டர் இந்த மூன்றைத் தவிர அதில் வேறு எதுவும் இல்லை. என் 125 சிசி வண்டி 52-லிருந்து 44-க்கு இறங்கியதை அந்த நோட்டுதான் காட்டிக் கொடுத்தது. அது இல்லாவிட்டால் விலைவாசி ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டே ஓட்டியிருப்பேன்.

அப்போது நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், உங்களுக்கும் அதுவாக இருக்கலாம். சர்வீஸ் விட்டு எடுத்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஃபில்டர் மாற்றியாயிற்று, பிளக் மாற்றியாயிற்று, ஆயில் மாற்றியாயிற்று, பில்லும் கட்டியாயிற்று. ஆனாலும் மைலேஜ் 44. அப்பாவிடம் சொன்னேன். அவர் நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு லாரி ஓட்டியவர். நான் வேலை முடிந்து வந்து வண்டியை நிறுத்தியதும் பின் சக்கரத்து டிரம்முக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனார். "சுடுதுடா, பிரேக் புடிச்சிக்கிட்டே ஓடுது" என்றார். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் வைத்துப் பின் சக்கரத்தைக் கையால் சுழற்றினால் அரைச் சுற்றுக்கூட வரவில்லை, நின்றுவிட்டது. காது கொடுத்துக் கேட்டால் சர்ரென்று உரசுகிற சத்தம். சர்வீஸில் பிரேக்கை நன்றாக டைட் வைத்து அனுப்பிவிட்டார்கள். எனக்கும் அப்போது பிரேக் கச்சிதமாக இருப்பதாகத்தான் பட்டது. தெருமுனை மெக்கானிக் பிரேக் கம்பியின் முனையில் இருக்கும் நட்டை மூன்று சுற்று தளர்த்தினார். செயினும் விறைப்பாக இருந்தது, அதையும் விரல் வைத்து அழுத்தினால் கொஞ்சம் இறங்குகிற அளவுக்குத் தளர்த்தி எண்ணெய் விட்டார். மறுபடி சுழற்றியபோது சக்கரம் சத்தமில்லாமல் நாலைந்து சுற்று சுற்றியது. கூலி 50 ரூபாய். அடுத்த மூன்று நிரப்பலில் 50, 51, 51.

நாளெல்லாம் பிரேக்கை லேசாக மிதித்தபடியே ஓட்டினால் வண்டி என்ன செய்யும், அதுதான் நடந்திருக்கிறது. உங்கள் வண்டியிலும் இன்று மாலையே இதைப் பாருங்கள். டிரம்மைத் தொடும்போது மட்டும் ஜாக்கிரதை, பிரேக் பிடித்திருந்தால் கை பொத்துப்போகும். தளர்த்திய பிறகு பிரேக் சரியாக நிற்கிறதா என்று தெருவுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மெயின் ரோட்டுக்குப் போக வேண்டும்.

அடுத்தது டயரில் காற்று (அளவு பி.எஸ்.ஐ.-யில்). என் வண்டிக்கு முன்னால் 25, பின்னால் தனியாகப் போனால் 28, ஆள் ஏற்றினால் 33. உங்கள் வண்டிக்கு என்ன என்பது அதனோடு வந்த கையேட்டில் இருக்கும். டயரைக் கட்டை விரலால் அழுத்தி 'இருக்குது' என்று சொல்வதை நம்பாதீர்கள். இருபதுக்கு இறங்கிய டயரும் விரலுக்குக் கெட்டியாகத்தான் தெரியும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, காலையில் டயர் சூடாவதற்கு முன் பாருங்கள். ஓடிய டயரில் காற்று விரிந்து அளவு கூடுதலாகக் காட்டும்.

பிறகு வேகம். ஆல்பேட்டை தாண்டித் தென்பெண்ணைப் பாலத்தில் ஏறினால் தவளக்குப்பம் வரைக்கும் சாலை கையை முறுக்கச் சொல்லும். எதிர்க்காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும்: 50-லிருந்து 70-க்குப் போனால் தடை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. நான் 65-லிருந்து 50-க்கு இறங்கினேன். இதனால் இழந்த நேரம் எவ்வளவு தெரியுமா? அந்தத் திறந்த சாலை சுமார் 12 கிலோமீட்டர். 65-ல் பதினோரு நிமிடம், 50-ல் பதினாலரை. மூன்றரை நிமிடம்! அதுவும் அரியாங்குப்பம் நெரிசலில் நின்றதும் என்னை முந்திப் போன வண்டிகளெல்லாம் அங்கேயே நிற்கும். மைலேஜ் 51-லிருந்து 57-க்கு வந்தது. பெட்ரோல் சேமிப்புக்கென்றே இயங்கும் பி.சி.ஆர்.ஏ. என்ற மத்திய அரசு அமைப்பும் 45 முதல் 55 வரைக்கும்தான் சிக்கனமான வேகம் என்று சொல்கிறது.

நீங்கள் ஊருக்குள் ஓட்டுகிறவர். உங்களுக்கு வேகத்தைவிடக் கிளப்பி நிறுத்துவதுதான் செலவு. முன்னால் வேகத்தடை தெரிகிறது, பேருந்து நிற்கிறது என்றால் தூரத்திலேயே ஆக்ஸிலேட்டரை விட்டுவிடுங்கள். கடைசி வரைக்கும் முறுக்கிக்கொண்டு போய் பிரேக் அடித்தால், அந்த வேகத்துக்காக எரித்த பெட்ரோல் முழுவதும் பிரேக்கில் சூடாகத்தான் போகிறது. இதில் ஒரு தவறான பழக்கம் பலரிடம் இருக்கிறது: நியூட்ரலில் தள்ளி உருட்டுவது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புதிய புகை விதிப்படியான) எஃப்.ஐ. வண்டிகளில், அதாவது கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைத் தெளித்து அனுப்பும் வண்டிகளில், கியரில் இருக்கும்போதே ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டால் பெட்ரோல் தெளிப்பது தானாகவே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் தேவை. உங்களுடையது அதற்கு முந்தைய கார்புரேட்டர் வண்டியாக இருந்தாலும் நியூட்ரல் வேண்டாம், அவசரத்துக்கு வண்டி கைக்குள் நிற்காது. சிக்னலில் கால் நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டும் என்று தெரிந்தால் இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

நம் ஊருக்கே உரிய ஒன்று, வாடைக்காற்று. ஐப்பசி, கார்த்திகையில் காலையில் வடக்கே போகும்போது காற்று முகத்தில் அடிக்கும். அந்த இரண்டு மாதமும் என் நோட்டில் மைலேஜ் இரண்டு மூன்று குறைந்தே இருக்கிறது. வண்டிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அப்போது செலவு செய்ய வேண்டாம். ஆனால் அதே மழையும் உப்புக்காற்றும் சேர்ந்து செயினைத் துருப்பிடிக்க வைக்கும். தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை செயினைத் துடைத்து எண்ணெய் விடுவது நல்லது.

இன்னொரு காரணத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. பழைய இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதம் மைலேஜ் இதனால் இறங்கும் என்று நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட திட்ட அறிக்கையே சொன்னது. ஐம்பது தந்த வண்டி 48 தருவதை இதில் சேர்த்துக்கொள்ளலாம், நாற்பதுக்கு இறங்கினால் அதற்குக் காரணம் எத்தனால் மட்டும் அல்ல.

விடியற்காலையில் போட்டால் அதிகம் வரும், 100-க்குப் பதில் 110 ரூபாய்க்குப் போட வேண்டும் என்பதற்கெல்லாம் காத்திருக்காதீர்கள். தொட்டி பூமிக்கு அடியில் இருப்பதால் பெட்ரோலின் சூடு காலைக்கும் மதியத்துக்கும் பெரிதாக மாறுவதில்லை. அளவில் சந்தேகம் வந்தால் முத்திரை வைத்த ஐந்து லிட்டர் அளவுக் குடுவை ஒவ்வொரு பங்கிலும் உண்டு. அதில் பிடித்துக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. நான் இரண்டு முறை கேட்டிருக்கிறேன், முகம் சுளிக்காமல் பிடித்துக் காட்டினார்கள்.

என் செலவு எவ்வளவு குறைந்தது என்றும் சொல்கிறேன். மாதம் 1,100 கிலோமீட்டர். 44 மைலேஜில் 25 லிட்டர் ஆனது, 57-ல் 19 லிட்டருக்குச் சற்று மேல். லிட்டர் நூறு என்றாலே மாதம் 570 ரூபாய். போன வருடத்திலிருந்து கிருமாம்பாக்கத்தில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுத் தம்பி என் பின்னால்தான் வருகிறான். அவன் வண்டி வீட்டில் நிற்கிறது, பெட்ரோலில் கால்வாசியை அவன் கொடுக்கிறான். ஆள் ஏறியதால் மைலேஜ் ஒன்றோ இரண்டோ குறைந்தது. ஆனால் இரண்டு வண்டி குடித்த பெட்ரோலை இப்போது ஒரு வண்டிதான் குடிக்கிறது. அவன் வராத நாட்களில் பின் டயரில் 33-ஐ அப்படியே விட்டுவிடுகிறேன், வண்டி கொஞ்சம் குதிக்கும், அவ்வளவுதான்.

நீங்கள் பின் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்துவிட்டு எத்தனை சுற்று வந்தது என்று கருத்தில் எழுதுங்கள். வண்டி எந்த வருடத்து மாடல் என்பதையும் சேர்த்து எழுதினால், அடுத்து எதைப் பார்க்கலாம் என்று அப்பாவிடமே கேட்டுச் சொல்கிறேன்.