வாசகர் கேள்வி: கணப்புப் பெட்டிக்குச் சிம்னிக் குழாயை எப்படி இணைப்பது?

கேள்வி: குக் டவுனில் எங்கள் மாமனார் காலத்து ஓட்டு வீடு. ஹாலில் செங்கல் கணப்பு இருக்கிறது. விறகைத் திறந்தபடி எரித்தால் சூடெல்லாம் மேலே போய்விடுகிறது என்று, கண்ணாடிக் கதவு வைத்த வார்ப்பிரும்புப் பெட்டி ஒன்றை வாங்கினோம். இன்செர்ட் என்கிறார்கள். பெட்டியை உள்ளே தள்ளி, மேலே இரண்டடிக் குழாய் வைத்துச் சிம்னிக்குள் நுழைத்துவிட்டால் போதும் என்கிறார் கொத்தனார். கூரை உச்சி வரை லைனர், அதாவது சிம்னிக்கு உள்ளே இறக்கும் உலோகக் குழாய், போட்டே ஆக வேண்டும் என்கிறார் கடைக்காரர். யார் சொல்வது சரி, ஐயா? லைனரைப் பெட்டியோடு எப்படி இணைப்பது?
– ஒரு வாசகி, குக் டவுன், பெங்களூரு

பதில்: கடைக்காரர் சொல்வதுதான் சரி, அம்மா. கொத்தனார் நல்ல வேலைக்காரராகவே இருக்கலாம். ஆனால் அவர் மனதில் இருப்பது திறந்த கணப்பு. நீங்கள் வாங்கியிருப்பது வேறு சாமான்.

என் அப்பா குன்னூர் எஸ்டேட் பங்களாக்களில் கணப்பு வேலை பார்த்தவர். அவருக்கு ஏணி பிடித்துத்தான் நான் தொழில் கற்றேன். அல்சூருக்குக் குடிவந்த பிறகு கண்டோன்மென்ட் பக்கத்துப் பழைய வீடுகளில் நிறைய சிம்னிகளுக்குள் தலையை விட்டிருக்கிறேன். ஃபிரேசர் டவுனில் ஒரு வீட்டை மறக்கவே முடியாது. உங்கள் கொத்தனார் சொல்கிற மாதிரியேதான் அங்கே குட்டைக் குழாய் வைத்திருந்தார்கள். ஒரு குளிர்காலம் எரித்திருக்கிறார்கள். அடுத்த மழையில் மாடிப் படுக்கையறைச் சுவரில் காப்பி டிகாக்‌ஷன் மாதிரி பழுப்பாக வழிந்தது. இரண்டு தடவை பெயின்ட் அடித்தும் கறை மேலே வந்துவிட்டது. அந்த அறையில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது என்பதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

காரணத்தைச் சொல்கிறேன். உங்கள் சிம்னியின் உள்ளளவு 9-க்கு 13 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 117 சதுர அங்குலம். பெட்டியின் மேல்வாய் பெரும்பாலும் 6 அங்குல வட்டம், அதாவது சுமார் 28 சதுர அங்குலம். சின்ன வாயிலிருந்து வரும் புகை நான்கு மடங்கு அகலமான இடத்தில் நுழைந்ததும் வேகம் குறைந்து ஆறிவிடும். சுமார் 120 டிகிரிக்குக் கீழே போனால் அதிலிருக்கும் ஈரமும் தாரும் சுவரில் படியும். இதைத்தான் கிரியோசோட் என்கிறார்கள். அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ.-வின் 211-ஆம் விதிப்படி புகைவழி பெட்டி வாயைப் போல மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது. வெளிச்சுவரில் இருக்கும் சிம்னி என்றால் இரண்டு மடங்குதான். படிந்த தார் ஒரு நாள் தீப்பிடித்தால் சூடு ஆயிரம் டிகிரியையும் தாண்டலாம். நம் பழைய வீடுகளில் சுண்ணாம்புக் காரை உதிர்ந்து செங்கல் இடுக்குகள் திறந்திருக்கும், பக்கத்திலேயே கூரை மரம் ஓடும். அதனால்தான் உச்சி வரை ஒரே குழாய் வேண்டும் என்கிறேன்.

எந்தக் குழாய் என்பதில் ஏமாந்துவிடாதீர்கள். எஸ்.பி. ரோட்டில் போய் ‘சிம்னி பைப்’ என்று கேட்டால், சமையலறைச் சிம்னிக்கு மாட்டும் அலுமினியச் சுருள் குழாயை எடுத்து நீட்டுவார்கள். அது வேண்டவே வேண்டாம். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். விறகு நெருப்புக்கு 316 ரக எவர்சில்வர் லைனர்தான் வேண்டும். ‘விறகு அடுப்புக்கு’ என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வளையும் ரகமே நம் கோணல் சிம்னிகளுக்குத் தோது.

சரி, இணைப்புக்கு வருவோம். முதலில் சிம்னியைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். பழைய தாரை உள்ளே விட்டு லைனர் இறக்கக் கூடாது. கணப்புக்கு மேலே சிம்னி குறுகும் தொண்டையில், புகைவழியைத் திறந்து மூடும் டேம்பர் தகட்டைக் கழற்றுங்கள், வரவில்லை என்றால் வெட்டுங்கள். லைனரைக் கூரையிலிருந்து இறக்க வேண்டும். கீழ்முனையில் கயிறு கட்டி, மேலே ஒருவர் விட, கீழே ஒருவர் மெதுவாக இழுக்க வேண்டும். லைனர் மேல் அம்புக்குறி இருந்தால் அது வானத்தைப் பார்க்க வேண்டும். மங்களூர் ஓட்டின் மேல் நேராகக் கால் வைக்காமல் பலகை போட்டு ஏறச் சொல்லுங்கள். பாசி பிடித்திருக்கும் மழை மாதங்களில் இந்த வேலையே வேண்டாம்.

லைனரின் கீழ்முனையில் அடாப்டர் என்கிற சிறு எவர்சில்வர் துண்டைப் பொருத்துவார்கள். அது பெட்டியின் காலருக்கு, அதாவது மேல்வாய் வளையத்துக்கு, உள்ளே இறங்க வேண்டும், வெளியே கவியக் கூடாது. எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். புகை மேலே போகிறதே, மேல் குழாய் குடை மாதிரி கவிந்தால்தானே கசியாது என்று கேட்பார்கள். இழுவை சரியாக இருக்கும் குழாயில் புகை வெளியே வராது, வெளிக்காற்றுதான் உள்ளே இழுபடும். கீழே இறங்குவது தார்நீர். மழைநீர்க் குழாயில் மேல் குழாய் கீழ்க் குழாயின் வாய்க்குள் உட்காருகிறதே, அதே கணக்கு. அப்போதுதான் தார் பெட்டிக்குள் விழுந்து எரிந்துபோகும். மாற்றி வைத்தால் இணைப்பு வழியாக வெளியே வழிந்து, பெட்டியின் முதுகில் யார் கண்ணுக்கும் படாமல் சேரும்.

உள்ளே இறக்கிய பிறகு சுற்றிலும் குறைந்தது மூன்று எவர்சில்வர் திருகாணி போட வேண்டும். வெறும் ஃபயர் சிமென்ட் பூசி விடுவது போதாது, அது விரிசல் விடும். கை நுழைய இடமில்லை என்று யாராவது சொன்னால், பெட்டிக்குள் மேலே இருக்கும் தடுப்புத் தகட்டைக் கழற்றச் சொல்லுங்கள். பல மாடல்களில் அதன் வழியாகவே காலருக்குக் கை எட்டும்.

அப்புறம் தொண்டையை அடைக்க வேண்டும். லைனர் நுழையும் அளவுக்கு ஓட்டை வெட்டிய இரும்புத் தகடு, அதன் மேல் ராக்வுல் என்கிற சூடு தாங்கும் கல்பஞ்சு. இதை விட்டுவிட்டால் நீங்கள் பெட்டி வாங்கிய காரணமே போய்விடும், சூடு பழையபடி சிம்னிக்குள் ஏறிவிடும். லைனருக்கு அரை அங்குலச் செராமிக் போர்வை சுற்ற முடிந்தால் சுற்றுங்கள். உங்கள் சிம்னி வெளிச்சுவரில் இருந்தால் கட்டாயம் சுற்றுங்கள். உச்சியில் தகடு, கிளாம்ப், மூடி. மூடியில் வலை இருக்கட்டும், மைனா கூடு கட்டும்.

முன் சட்டத்தை மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். சிறு தீ மூட்டி, ஊதுபத்தியை இணைப்பைச் சுற்றிக் காட்டுங்கள். புகை இடுக்குக்குள் இழுபட்டால் அங்கே கசிகிறது, சரிசெய்யுங்கள். அலைந்துவிட்டு மேலே போனால் இணைப்பு இறுக்கமாக இருக்கிறது. இந்தச் சோதனை முடிகிற வரை யாருக்கும் முழுக் கூலியும் கொடுக்காதீர்கள்.

ஹாலில் புகை திரும்பி வந்தால் உடனே குழாயைக் குற்றம் சொல்லாதீர்கள். சமையலறைச் சிம்னி ஓடுகிறதா என்று பாருங்கள். அது வீட்டுக் காற்றை உறிஞ்சும்போது கணப்புப் புகை கீழே இறங்கும். பக்கத்துப் பங்களாவை இடித்து அப்பார்ட்மென்ட் கட்டியிருந்தால், அதன் மேல் மோதும் காற்றும் உங்கள் சிம்னிக்குள் கவிழும். காற்றைத் தடுக்கும் மூடி ஓரளவு உதவும். எப்படியிருந்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஹாலில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று வையுங்கள். அந்த வாயுவுக்கு மணமே கிடையாது.

கேள்வி: எங்கள் வீட்டிலும் இதே மாதிரி பெட்டி இருக்கிறது. சவுக்கு விறகு எரிக்கலாமா? எத்தனை நாள் காய வேண்டும்?
– ஒரு வாசகர், மல்லேஸ்வரம், பெங்களூரு

பதில்: தாராளமாக எரிக்கலாம். பிளந்து, மேலே கூரை, பக்கத்தில் காற்று என்று அடுக்கி, ஒரு வருஷம் விடுங்கள். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். ஈரம் காட்டும் சின்ன மீட்டர் இருந்தால், புதிதாகப் பிளந்த முகத்தில் குத்திப் பாருங்கள். பெயின்ட் அடித்த பலகையும் பிளைவுட்டும் வேண்டாம்.