மொதல் பீரை ஏன் கொட்டினீங்க?

அன்புள்ள அண்ணா,

மினியாபோலிஸ்ல இருக்கேன். வீட்டுல மொத தடவையா 5 கேலன் பேல் ஏல் (வெளிர் நிற பீர்) போட்டேன். ரெண்டு வாரம் பக்கெட்ல, ரெண்டு வாரம் பாட்டில்ல. தொறந்தா பிளாஸ்திரி வாசனை, மருந்து மாதிரி. 48 பாட்டிலையும் சிங்க்ல கொட்டிட்டேன். அடுத்த தடவை தண்ணி, ஈஸ்ட், பக்கெட், கிட் (பீர் போடற சரக்குப் பெட்டி) எல்லாத்தையும் மாத்திடலாம்னு இருக்கேன். எங்க தப்பு பண்ணேன்? டார்க் பீர்னா தப்பு தெரியாதாமே, அதுல ஆரம்பிக்கட்டுமா?

அன்புள்ள தம்பி,

இந்த வாரம் பூரா என்னோட பழைய நோட்டைத்தான் பொரட்டிட்டு இருந்தேன், சரியா அப்ப உங்க கடிதம் வந்துச்சு.

பிளாஸ்திரி வாசனைன்னா மொத சந்தேகம் தண்ணி மேலதான். குழாய்த் தண்ணில இருக்கற குளோரின், குளோரமின் எல்லாம் பீர்ல இருக்கற ஃபீனால்ங்கற பொருளோட சேந்து குளோரோஃபீனால் ஆயிடும், துளி இருந்தாலே நாக்குல தெரியும். கொதிக்க வச்சா குளோரின் போயிடும், குளோரமின் லேசுல போகாது. குளோரின், குளோரமின் ரெண்டையும் போக்கற கேம்டன் மாத்திரை ஒண்ணு 20 கேலன் தண்ணிக்குப் போதும், உங்களுக்குக் கால் மாத்திரை. பக்கெட்டை பிளீச் போட்டுக் கழுவினீங்களான்னு எழுதவே இல்ல. வேண்டாத ஈஸ்ட் உள்ள பூந்தாலும் இதே மாதிரி வாசனை வரும். டார்க் பீர் பேச்சை விடுங்க, தப்பை மறைக்கவா பீர் போடறோம்?

எனக்குக் கோவம் வந்தது வேற எடத்துல. 48 பாட்டிலையுமா கொட்டுவீங்க? ஆறு பாட்டிலை எடுத்து ஃப்ரிட்ஜ்ல வச்சிருக்கக் கூடாதா? ஒரு மாசம் கழிச்சு ஒண்ணைத் தொறந்து, அந்த வாசனை கூடுதா, அப்படியே நிக்குதா, புளிப்பு ஏறுதான்னு பாத்திருந்தா தண்ணியா கிருமியான்னு பாதி தெரிஞ்சிருக்கும். இப்ப எதை வச்சு கண்டுபிடிக்கறது? 1871ல பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்டர் லண்டன் விட்பிரெட் பீர் ஆலைக்குப் போய் அவங்க ஈஸ்ட்டை மைக்ரோஸ்கோப்புல வச்சுப் பாத்து, இதுல வேற கிருமி கலந்திருக்குன்னு காட்டினார். கெட்டது கையில இருந்ததாலதான் காட்ட முடிஞ்சுது.

என் மொத பீர் ஒரு ஜனவரி மாசம். பக்கெட்டை ஜன்னலோரமா வச்சேன், ஆறாம் நாள் ஏர்லாக்ல (கேஸை வெளிய விடற அடைப்பு) குமிழி நின்னுடுச்சு, சரி முடிஞ்சுதுன்னு நெனச்சு, பாட்டில்ல கேஸ் ஏறறதுக்குக் கொஞ்சம் சக்கரை போட்டு பாட்டில்ல அடைச்சு, ஹீட்டர் பக்கத்துல இருந்த அலமாரில அடுக்கிட்டேன். மூணாவது வாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு டமார்னு சத்தம், அப்புறம் இன்னொண்ணு. அந்த அலமாரிலதான் எங்க பொண்ணோட ஸ்னோ பூட்ஸும் இருந்துச்சு. காலைல அதைக் கவுத்துத் தட்டினேன், கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு கண்ணாடிச் சில்லு விழுந்துச்சு. அதை இப்பவும் மறக்க முடியல தம்பி.

நோட்டுல ரெண்டே வரி எழுதி வச்சிருந்தேன்: "ரூம் 13 டிகிரி. ஹைட்ரோமீட்டர் 1.020." ஹைட்ரோமீட்டர்ங்கறது சக்கரை எவ்வளவு மிச்சம்னு காட்டற கருவி, சக்கரை கொறையக் கொறைய நம்பர் எறங்கும். அந்த ரெண்டு வரிதான் காப்பாத்துச்சு. ஈஸ்ட் வேலைய முடிக்கல, குளிர்ல தூங்கிடுச்சு, சூடான எடத்துக்குப் போனதும் முழிச்சு மீதி சக்கரையத் தின்ன ஆரம்பிச்சிருக்கு. மூடின பாட்டிலுக்குள்ள 4 புள்ளி (1.020ல இருந்து 1.016) இறங்கினாலே கேஸ் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆயிடும், கண்ணாடி எப்படித் தாங்கும்?

ரெண்டாவது தடவை அதே கிட், அதே ஈஸ்ட், அதே தண்ணி. பக்கெட்டை மட்டும் 20 டிகிரி இருக்கற உள்ரூமுக்கு மாத்தினேன். 1.011க்கு எறங்குச்சு, மூணு நாள் தொடர்ந்து அதே நம்பர் காட்டினப்புறம்தான் மூடி போட்டேன். ஒண்ணை மட்டும் மாத்தினதாலதான் எதனால சரியாச்சுன்னு தெரிஞ்சுது. நீங்க நாலையும் மாத்தினீங்கன்னா பீர் நல்லா வந்தாலும் ஏன் நல்லா வந்துச்சுன்னு தெரியாது, மறுபடி கெட்டுப்போனா மறுபடி நாலையும் மாத்துவீங்க. எத்தனை கிட்டுக்குக் காசு குடுக்கப் போறீங்க?

(தமிழ்நாட்டுல இருந்து படிக்கறவங்க இதைச் செஞ்சு பாக்காதீங்க, 1937ஆம் வருஷ மதுவிலக்குச் சட்டப்படி குத்தம். அமெரிக்காலயே 1978ல கார்ட்டர் கையெழுத்துப் போட்டப்புறம்தான் வீட்டு பீருக்கு வழி பொறந்துச்சு.)

அதே கிட்டை வாங்குங்க. தண்ணிய மட்டும் மாத்துங்க. அதுக்கு முன்னாடி, அந்தப் பழைய பக்கெட் இருக்கில்ல, ராத்திரி மூடி வச்சுட்டு காலைல தொறந்து மோந்து பாருங்க. பிளாஸ்திரி வாசனை இன்னும் அடிக்குதுன்னா மறுபடி எழுதுங்க, கோளாறு பக்கெட்லயே இருக்கலாம், அப்ப நான் சொன்ன தண்ணிக் கதையைத் திரும்ப யோசிக்கணும்.