பரிசாகப் போகும் ஓவியம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: 4 அடிக்கு 3 அடி கேன்வாஸில் அக்ரிலிக், மணல், செய்தித்தாள் துண்டுகள், செம்புக் கம்பி சேர்த்த அரூப ஓவியம். வெளிநாட்டிலுள்ள சர்வதேச அமைப்பொன்றுக்குப் பரிசாக அனுப்புகிறோம். எப்படிப் பொதிவது?

பதில்: ஓவியத்தின் முன்பக்கத்தில் எதுவும் படக்கூடாது. அக்ரிலிக் காய்ந்து மாதங்களானாலும் சூட்டில் இளகும். குமிழ் உறை (பபிள் ராப்) வைத்தால் வட்ட வட்டமாகத் தடம் விழும், பட்டர் பேப்பர் ஒட்டிக்கொள்ளும். பின்சட்டத்தை உலோகத் தகடுகளால் பெட்டியோடு திருகி, துருத்தும் கம்பிக்கும் மூடிக்கும் நடுவே 5 செ.மீ. இடைவெளி விடுங்கள்.

அதற்கு முன் ஒரு சோதனை. ஓவியத்தை நிமிர்த்தி, கீழே வெள்ளைத் தாள் விரித்து, சட்டத்தின் பக்கவாட்டில் விரலால் மெதுவாகத் தட்டுங்கள். மணல் உதிர்ந்தால் பசை போதவில்லை. நீர்த்த அக்ரிலிக் மீடியத்தை (நிறமி சேராத அக்ரிலிக் பசை) மெல்லிய தூரிகையால் அந்த இடத்தில் மட்டும் ஊறவிடுங்கள். கம்பியைச் சுற்றிப் பச்சை படர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஈர அக்ரிலிக்கில் இருக்கும் அமோனியா செம்பை அரிக்கும். கம்பிக்கு முதலிலேயே வார்னிஷ் பூசியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

பெட்டிக்குச் சட்டமரம் போட்டால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றியதற்கான ஐஎஸ்பிஎம் 15 (மரப் பொதிகள் வழியே பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேசத் தரம்) முத்திரை வேண்டும். இல்லாவிட்டால் துறைமுகத்தில் நிறுத்திவிடுவார்கள். ஒட்டுப்பலகைக்கு விலக்கு உண்டு, அதில் அறைந்த சட்டத்துக்கு இல்லை. இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள்.

குளிரில் அக்ரிலிக் விறைத்து, சின்ன அதிர்வுக்கே விரிசல் விடும். போய்ச் சேர்ந்ததும் குளிர் தணிய 24 மணி நேரம் பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று மூடியில் எழுதிவிடுங்கள்.

கேள்வி: கூடவே என்ன காகிதங்கள் கொடுக்க வேண்டும்?

பதில்: படங்களோடு நிலை அறிக்கை (அனுப்பும்போது ஓவியம் எப்படி இருந்தது என்ற குறிப்பு), பரிசுப் பத்திரம், பொருள் பட்டியல். மூன்றில் பட்டியலைத்தான் எல்லோரும் அலட்சியப்படுத்துகிறார்கள். ‘கலப்பு ஊடகம்’ என்று ஒரே சொல்லில் முடிக்காதீர்கள். எந்தப் பசை, எந்த வார்னிஷ், எத்தனை பூச்சு என்று எழுதினால்தான் பின்னாளில் சுத்தம் செய்பவருக்கு எந்தக் கரைப்பான் ஆபத்து என்று தெரியும். செய்தித்தாள் பழுப்பேறுவது ஓவியரின் நோக்கமா, தடுக்க வேண்டியதா என்பதையும் சொல்லிவிடுங்கள். ஓவியம் கைமாறினாலும் பதிப்புரிமை தானாகக் கைமாறாது. கேட்டலாக்கிலும் இணையதளத்திலும் படம் வெளியிடும் அனுமதியைப் பத்திரத்தில் தனியே சேருங்கள்.

கேள்வி: ஓவியத்துக்கு முன்னால் கண்ணாடிபோலத் தெளிவான அக்ரிலிக் தகடு மாட்டலாமா?

பதில்: வேண்டாம். துடைக்கும்போது உண்டாகும் நிலைமின்சாரம் தளர்ந்த துகள்களை இழுக்கும். மாட்டியே தீர வேண்டுமென்றால் இரண்டு தகடுகளை ஒன்றாக ஒட்டிய (லேமினேட்டட்) கண்ணாடி. ஆனால் எடை கூடும், சுவர்க் கொக்கியையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.