வீட்டோ இல்லாத இடத்தில் உதாரணம் தேடுங்கள்

வணக்கம். "வல்லரசு ஒன்று அதட்டாமல் நாடுகள் ஒத்துழைக்காது என்கிறார் ஆசிரியர், மறுக்க மொரிசியஸ் பக்கத்து உதாரணம் வேண்டும்" என்று கேட்டிருக்கிறீர்கள். ஐ.நா. பாதுகாப்பு அவையை விடுங்கள். இந்தியப் பெருங்கடல் சூரை (டூனா) மீன் ஆணையத்தை எடுங்கள். செயலகம் செஷல்ஸில், வீட்டோ, அதாவது ஒரே நாடு தீர்மானத்தைத் தடுக்கும் அதிகாரம், யாருக்கும் கிடையாது.

வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரித்தால் தீர்மானம் நிறைவேறும். அறிவிப்பிலிருந்து 120 நாளுக்குள் ஆட்சேபித்த நாட்டை அது கட்டுப்படுத்தாது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆட்சேபித்தால் மற்றவர்களுக்கும் கட்டாயமில்லை. 2023 பிப்ரவரியில் கென்யாவின் மொம்பாசாவில் நிறைவேறிய, மீன்களைத் திரட்டக் கடலில் விடும் மிதவைகள் பற்றிய தீர்மானம் இப்படித்தான் படுத்தது. இதைக் கட்டுரையில் மறைக்காதீர்கள், ஆசிரியர் முதலில் பிடிப்பது அதைத்தான்.

உங்கள் பலமான சான்று ஆணையத்தின் துறைமுக விதி. மொரிசியஸ் துறைமுகமான போர்ட் லூயிஸுக்கு வரும் அயல்நாட்டுச் சூரைக் கப்பல், பொதுவாக 24 மணி நேரம் முன்பே, என்ன மீன், எவ்வளவு என்று சொல்லியாக வேண்டும். மீனை இறக்குவதிலும் இன்னொரு கப்பலுக்கு மாற்றுவதிலும் ஆண்டுக்கு 5 சதவீதமாவது சோதிக்க வேண்டும். ஒரு துறைமுகம் மட்டும் கதவடைத்தால் திருட்டுக் கப்பல் பக்கத்துத் தீவுக்குப் போய்விடும். எல்லோரும் அடைத்தால்தான் சரக்கு தேங்கும். நாடுகள் விதிகளைப் பின்பற்றுகின்றனவா என்று பார்க்கும் ஆணையத்தின் இணக்கக் குழுவின் நாடுவாரி அறிக்கையில் மொரிசியஸ் பகுதியை இந்த விதியோடு ஒப்பிட்டு எழுதுங்கள்.