2019 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் பிரெக்சிட் பிரிட்டனின் வாக்காளர்களையும் கட்சிகளையும் எவ்வாறு பிரித்தது?

2016 பொதுவாக்கெடுப்பில் 52 விழுக்காட்டினர் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறவும் (பிரெக்சிட்) 48 விழுக்காட்டினர் அதில் நீடிக்கவும் வாக்களித்தபோது வெளிப்பட்ட பிளவு, இடதுசாரி, வலதுசாரி என்ற பழைய பிரிவுகளுக்குக் குறுக்கே சென்றதுதான் இதற்கு அடிப்படைக் காரணம். 2019 மார்ச் 29 அன்று வெளியேறியிருக்க வேண்டிய பிரிட்டன், காலக்கெடு நீட்டிக்கப்பட்டதால் மே 23 அன்று இத்தேர்தலை நடத்த நேர்ந்தது. அந்தத் தாமதத்தின் மீதான சினத்தை நைஜல் ஃபராஜின் புதிய பிரெக்சிட் கட்சி அறுவடை செய்து 29 இடங்களை வென்றது. அப்போது ஆட்சியில் இருந்த கன்சர்வேட்டிவ் கட்சிக்குக் கிடைத்தவை 4 மட்டுமே.

தொழிற்கட்சியின் சிக்கல் இதைவிட ஆழமானது. வெளியேற விரும்பிய வடக்கு இங்கிலாந்துத் தொழில் நகரங்களின் வாக்காளர்களையும், நீடிக்க விரும்பிய லண்டன் போன்ற மாநகரங்களின் இளைஞர்களையும் ஒருசேரத் தக்கவைத்துக்கொள்ள முயன்ற அதன் அப்போதைய தலைவர் ஜெரமி கோர்பினின் தெளிவற்ற நிலைப்பாடு இரு தரப்பினரையும் அந்நியப்படுத்தியது என்றே நான் கருதுகிறேன். அக்கட்சி 10 இடங்களுக்குச் சுருங்கியது.

நீடிக்க விரும்பியோரின் வாக்குகளோ லிபரல் டெமாக்ரட் (16 இடங்கள்), பசுமைக் கட்சி (7), ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி (3) எனச் சிதறின. வாக்கு விகிதத்துக்கேற்ப இடங்களைப் பகிரும் விகிதாசார முறை சிறிய கட்சிகளுக்கும் இடமளித்ததால், பொதுத்தேர்தலில் மறைந்துவிடக்கூடிய இப்பிளவு இங்கு வெளிப்படையாகத் தெரிந்தது. ஆயினும் வாக்களித்தோர் சுமார் 37 விழுக்காட்டினரே என்பதால், இம்முடிவை நாட்டு மக்கள் அனைவரின் தீர்ப்பாகக் கொள்ள இயலாது.