எந்த ஜூம் லென்ஸ் வாங்கலாம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் கேனன் 1500டி கேமராவும் அதனுடன் வந்த 18-55 லென்ஸும் உள்ளன. பேரக் குழந்தைகளையும் குடும்ப விழாக்களையும் அக்கம்பக்கத்துக் கோயில்களையுமே பெரும்பாலும் படம் எடுக்கிறேன். கேமராவிலிருந்து கழற்றாமல் அன்றாடம் பயன்படுத்தும்படியான ஒரு ஜூம் லென்ஸ் வாங்க எண்ணியுள்ளேன். இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் செலவிட இயலாது. கடைக்காரர் 18-135 லென்ஸை வாங்கச் சொல்கிறார். என் மருமகனோ, ஒருவர் பயன்படுத்திய 17-50 எஃப்/2.8 லென்ஸ் கிடைத்தால் அதுவே மேல் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: இருவர் சொல்வதும் சரிதான், ஆனால் இருவரும் வெவ்வேறு குறைகளுக்கு வழி சொல்கிறார்கள். கடைக்காரர் தீர்க்க நினைப்பது தொலைவுக் குறையை. மருமகன் தீர்க்க நினைப்பது வெளிச்சக் குறையை. இவற்றில் உங்களைத் தொல்லைப்படுத்துவது எது என்பதை நீங்கள் ஏற்கெனவே எடுத்த படங்களே சொல்லிவிடும். கணினியில் ஒரு படத்தின் மீது வலப்பக்கம் சொடுக்கி, ‘ப்ராப்பர்டீஸ்’ பகுதியைத் திறந்தால், அந்தப் படம் எந்தக் குவியத் தூரத்தில் (18-55 போன்ற மி.மீ. எண்; கூடக் கூடத் தொலைவில் உள்ளது பெரிதாகும்), எந்த அபர்ச்சரில் (லென்ஸின் திறப்பு; எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது), எந்த ஷட்டர் வேகத்தில், எந்த ஐஎஸ்ஓவில் (சென்சாரின் ஒளியுணர்வு எண்) எடுக்கப்பட்டது என்ற விவரம் இருக்கும். கடந்த ஓராண்டில் எடுத்தவற்றில் நூறு படங்களை, நன்றாக வந்தவை, கெட்டுப்போனவை என்று பாராமல் எடுத்து, இந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒரு மாலைப்பொழுது செலவாகும், பணம் செலவாகாது.

நானும் பல ஆண்டுகளுக்கு முன் இந்தக் கணக்கைப் பார்க்காமல் 18-200 லென்ஸ் ஒன்றை வாங்கினேன். இரண்டு ஆண்டுகள் கழித்து எண்ணிப் பார்த்தபோது, என் படங்களில் பெரும்பகுதி 60 மி.மீ.க்குக் கீழேயே எடுக்கப்பட்டிருந்தது. 200 மி.மீ.யில் எடுத்தவை பெரும்பாலும் எதிர்வீட்டு மாடியில் உட்கார்ந்த கிளிகள்தான்.

உங்கள் தாளில் 55 என்ற எண்ணே திரும்பத் திரும்ப வந்து, அந்தப் படங்களை நீங்கள் பிறகு வெட்டிப் பெரிதாக்கியிருந்தால், கடைக்காரர் சொல்வதே உங்களுக்குப் பொருந்தும். பள்ளி ஆண்டு விழாவில் பத்தாவது வரிசையிலிருந்து மேடையில் ஆடும் பேத்தியை எடுப்பவருக்கு 55 மி.மீ. போதாது, 135 பெரும் உதவி. 1500டி கேமராவின் சென்சார், பழைய 35 மி.மீ. ஃபிலிம் சட்டகத்தின் அளவுள்ள முழுச் சட்டக (ஃபுல் ஃப்ரேம்) சென்சாரை விடச் சிறியது. ஆகையால் குவியத் தூரத்தை 1.6 ஆல் பெருக்கினால், முழுச் சட்டகக் கேமராவில் எத்தனை மி.மீ. லென்ஸ் அதே கோணத்தைக் காட்டும் என்பது கிடைக்கும். இந்தக் கணக்கில் 18-55 என்பது சுமார் 29-88 ஆகவும், 18-135 என்பது 29-216 ஆகவும் ஆகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 18-135 லென்ஸின் அபர்ச்சரும் எஃப்/3.5-5.6 தான். இப்போதுள்ள லென்ஸில் இருட்டாகவோ கலங்கலாகவோ வரும் படம் அதிலும் அப்படியேதான் வரும்.

மாறாக, உங்கள் தாளில் 1/10, 1/15, 1/20 என்ற ஷட்டர் வேகங்களும் 1600, 3200 என்ற ஐஎஸ்ஓ எண்களும் நிறைந்திருந்தால், தேவைப்படுவது வெளிச்சமே. கேமராவுடன் வந்த கிட் லென்ஸை 55 மி.மீ.க்கு நீட்டும்போது அதன் அபர்ச்சர் எஃப்/5.6 ஆகச் சுருங்கிவிடுகிறது. 17-50 எஃப்/2.8 லென்ஸோ எந்தக் குவியத் தூரத்திலும் எஃப்/2.8 ஆகவே திறக்கும். இந்த எண்களுக்கு இடையில் இரண்டு படிகள் (ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் இரட்டிப்பாகும்) இருப்பதால் உள்ளே வரும் வெளிச்சம் நான்கு மடங்காகிறது. அதாவது, கல்யாண மண்டபத்தில் 1/15 நொடியில் எடுக்க வேண்டியிருந்த படத்தை, ஐஎஸ்ஓ எண்ணைக் கூட்டாமலேயே 1/60 நொடியில் எடுத்துவிடலாம். அதே படத்தில் ஐஎஸ்ஓ எண்ணையும் ஒரு படி உயர்த்தினால் 1/125 கிடைக்கும். உட்கார்ந்து சிரிக்கும் குழந்தைக்கு அது போதும், ஓடும் குழந்தைக்கு 1/250 ஆவது வேண்டும்.

இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. “என் லென்ஸில் ஐஎஸ் இருக்கிறதே, பிறகு ஏன் படம் கலங்குகிறது?” என்று கேட்பார்கள். ஐஎஸ் என்னும் அதிர்வுத் தடுப்பு உங்கள் கையின் நடுக்கத்தை மட்டுமே ஈடுகட்டும், எதிரே இருப்பவரின் அசைவை அது நிறுத்தாது. மண்டபத்துத் தூண் கூர்மையாகவும் பேரன் பனிமூட்டம் போலவும் விழுந்திருக்கும் படங்கள் உங்களிடமும் சில இருக்கும் என்று நினைக்கிறேன்.

கோயில்களைப் பொறுத்தவரை விடை சற்று வேறு. சாரங்கபாணி கோயிலின் பதினொரு நிலைக் கோபுரத்தை அருகில் நின்று முழுமையாக அடக்குவதற்கு 135 மி.மீ. உதவாது, எஃப்/2.8 உதவாது, அகலம்தான் உதவும். உங்கள் கேமராவில் 18 மி.மீ. கிடைமட்டமாகச் சுமார் 64 டிகிரியைக் காட்டுகிறது, 17 மி.மீ. காட்டுவது சுமார் 67 டிகிரி. இந்த வேறுபாடு இரண்டு அடி பின்னால் நகர்ந்தாலே கிடைத்துவிடும். கேனனின் பழைய 15-85 லென்ஸ் சுமார் 73 டிகிரி வரை காட்டும். அகலத்தையே பெரிதாக மதிப்பவர் அதைப் பழைய சந்தையில் தேடலாம். தாராசுரத்தின் சிறு புடைப்புச் சிற்பங்களுக்கோ உங்கள் கையில் இருக்கும் கிட் லென்ஸே நல்ல கருவி. அது 25 செ.மீ. அருகில் சென்று ஃபோகஸ் செய்யும். அதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொல்வதானால், குழந்தைகளும் மண்டபங்களுமே உங்கள் படங்களில் மிகுதி என்பதால், என் மனம் மருமகன் பக்கமே சாய்கிறது. டேம்ரான் 17-50 எஃப்/2.8 இரண்டு வடிவங்களில் வந்தது. 2006இல் வந்த முதல் வடிவத்தில் அதிர்வுத் தடுப்பு இல்லை, மோட்டாரும் சத்தம் போடும். ஆயினும் படத்தின் கூர்மைக்காகப் பலர் இன்னும் அதையே விரும்புகிறார்கள். 2009இல் வந்த விசி என்ற எழுத்துகள் தாங்கிய வடிவத்தில் அதிர்வுத் தடுப்பு உண்டு. சிக்மாவின் 17-50 எஃப்/2.8 லென்ஸ் 2010இல் வந்தது. அதிர்வுத் தடுப்பும் சத்தம் குறைந்த மோட்டாரும் அதில் உள்ளன. மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் உங்களுக்கு நான் சிக்மாவையே சொல்வேன். கேனனின் 17-55 எஃப்/2.8 இவற்றினும் மேலானது என்றாலும் விலையும் எடையும் அதற்கேற்ப இருக்கும். எடை என்றதும் நினைவுக்கு வருகிறது: கிட் லென்ஸ் 200 கிராம், சிக்மாவும் டேம்ரான் விசியும் ஏறத்தாழ 570 கிராம். வாங்குவதற்கு முன் கடையிலேயே கேமராவில் மாட்டி, கழுத்தில் கால் மணி நேரம் தொங்கவிட்டுப் பாருங்கள்.

கேள்வி: நிக்கான் டி3500 வைத்திருக்கிறேன். பழைய 24-85 எஃப்/2.8-4டி லென்ஸ் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. அன்றாடப் பயன்பாட்டுக்கு வாங்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: வேண்டாம். அந்த லென்ஸுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. கேமராவுக்குள் இருக்கும் மோட்டார்தான் அதைச் சுழற்ற வேண்டும். டி3500 உள்ளிட்ட டி3000 வரிசையிலும் டி5000 வரிசையிலும் அந்த மோட்டார் இல்லாததால், ஒவ்வொரு படத்துக்கும் நீங்களே வளையத்தைத் திருப்பி ஃபோகஸ் செய்ய வேண்டியிருக்கும். மேலும், உங்கள் கேமராவில் 24 மி.மீ. என்பது 36 மி.மீ. கோணத்தையே தரும், வீட்டுக் கூடத்தில் பத்துப் பேரை நிற்கவைத்து எடுக்க நீங்கள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிவரும். ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று குறிக்கப்பட்ட (உள்ளேயே மோட்டார் உள்ள) டிஎக்ஸ் லென்ஸ்களை, அதாவது உங்கள் கேமராவைப் போன்ற சிறிய சென்சாருக்கான லென்ஸ்களைத் தேடுங்கள். 2013இல் வந்த 18-140 நல்ல அன்றாட லென்ஸ், 16-80 எஃப்/2.8-4 அதைவிடச் சிறந்தது, பழையதாகக் கிடைத்தாலும் மலிவாக இராது.

கேள்வி: சோனி ஏ6400 கேமராவுக்கு சிக்மா 18-50 எஃப்/2.8, டேம்ரான் 17-70 எஃப்/2.8 இரண்டில் எது ஏற்றது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டும் 2021இல் வந்தவை, இரண்டும் நல்லவை. சிக்மா 290 கிராம் எடையும் எட்டு செ.மீ.க்குக் குறைவான நீளமும் உடையது. டேம்ரான் 525 கிராம், நீளம் ஏறத்தாழ 12 செ.மீ. ஏ6400 கேமராவின் உள்ளே அதிர்வுத் தடுப்பு இல்லை. சிக்மாவிலும் இல்லை, டேம்ரானில் உண்டு. கையில் பிடித்தபடியே வீடியோ எடுப்பவர் நீங்கள் என்றால், எடையைப் பொறுத்துக்கொண்டு டேம்ரானை வாங்குங்கள். புகைப்படமே முதன்மை என்றால் சிக்மா போதும், பையில் இருப்பதே தெரியாது.

கேள்வி: பயன்படுத்திய லென்ஸ் வாங்கும்போது எவற்றைச் சோதிக்க வேண்டும்?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: கடலோர ஊர்க்காரர் கேட்டதால் முதலில் பூஞ்சையைச் சொல்கிறேன், கடைகளில் இதை ஃபங்கஸ் என்பார்கள். லென்ஸின் ஒரு முனையில் செல்பேசி விளக்கை வைத்து, மறுமுனை வழியாகச் சாய்வாகப் பாருங்கள். சிலந்திவலை போன்ற மெல்லிய இழைகள் தெரிந்தால், விலை எவ்வளவு குறைவானாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான்கைந்து தூசித் துகள்கள் தெரிந்தால் கவலை வேண்டாம். அவை படத்தில் தெரியமாட்டா.

அடுத்து, ஜூம் வளையத்தைத் திருப்பும்போது நடுவில் எங்கேனும் இடறுகிறதா என்று பாருங்கள். பிறகு, உங்கள் கேமராவில் மாட்டி, சுவரில் ஒட்டிய செய்தித்தாளை நேர் எதிரே நின்று, அபர்ச்சரை முழுவதும் திறந்து, இரு முனைக் குவியத் தூரங்களிலும் படமெடுங்கள். நான்கு மூலைகளிலும் எழுத்துகள் ஒரே அளவுக்கு மங்கினால் அது லென்ஸின் இயல்பு. ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக மங்கினால், உள்ளே ஒரு கண்ணாடி இடம் பெயர்ந்திருக்கலாம், கீழே விழுந்த லென்ஸாகவும் இருக்கலாம்.

எஸ்எல்ஆர் கேமரா வைத்திருப்பவர்கள் இன்னொரு சோதனையையும் செய்தாக வேண்டும். ஒரே பொருளை ஒருமுறை கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வழியாகவும், மறுமுறை திரையில் லைவ் வியூ வழியாகவும் ஃபோகஸ் செய்து எடுத்து ஒப்பிடுங்கள். லைவ் வியூவில் ஃபோகஸ் நேராகச் சென்சாரிலேயே அளக்கப்படுகிறது. வியூஃபைண்டரில் தனியான ஓர் உணரி அளக்கிறது. முதல் படம் மங்கலாகவும் இரண்டாவது கூர்மையாகவும் வந்தால், லென்ஸும் கேமராவும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். இதைச் சரிசெய்யும் வசதி 1500டி போன்ற தொடக்கநிலைக் கேமராக்களில் கிடையாது. எஃப்/5.6 லென்ஸில் இந்தப் பிசகு கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், எஃப்/2.8இல் கண்ணைக் குறிவைத்தால் காது கூர்மையாக விழும். கும்பகோணத்து வாசகரும் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

வாங்கிய பின், காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். தோல் உறையில் போட்டு மர அலமாரிக்குள் பூட்டிவைப்பது பூஞ்சைக்கு விருந்து வைப்பதாகும்.

கேள்வி: புதிய லென்ஸைப் பாதுகாக்க யுவி ஃபில்டர் கட்டாயம் மாட்ட வேண்டுமா?
– வாசகி, சேலம்

பதில்: கட்டாயமில்லை. புற ஊதாக் கதிரைத் தடுக்க லென்ஸின் முன் மாட்டும் கண்ணாடியே யுவி ஃபில்டர்; டிஜிட்டல் கேமராவில் அதனால் படத்துக்குக் கிடைக்கும் நன்மை மிகக் குறைவு. மலிவான ஃபில்டராயின், இரவில் எடுக்கும் படங்களில் விளக்குகளின் பிம்பம் இரட்டிப்பாக விழும். லென்ஸின் முன்னால் மாட்டும் லென்ஸ் ஹுட் என்ற மறைப்பு ஒன்றை வாங்கி எப்போதும் மாட்டி வையுங்கள். வேண்டாத வெளிச்சத்தையும் தடுக்கும், இடித்தால் அடியையும் தாங்கும். கடற்கரைக்குப் போகும் நாளிலும் ஹோலி போன்று பொடி பறக்கும் இடங்களிலும் மட்டும் ஃபில்டரை மாட்டுங்கள். அதன் அளவு லென்ஸின் முன்விளிம்பில் வட்டக் குறியோடு அச்சிடப்பட்டிருக்கும்; அந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.