அடிவண்டல் கிளம்பினால்தான் வண்ணம்!

(பிளாஸ்டிக் விமானம், கப்பல், வீடு என்று மாடல் செய்யும் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், காரைக்குடி சிக்ரி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெயின்ட் கலக்குவது பற்றி.)

1:72 அளவு நாட் போர்விமானத்துக்கு மேட் பச்சை அடித்தேன். ஒரு இறக்கை மங்கலாக, சரியாக இருக்கிறது. இன்னொன்று எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கிறது. பாட்டிலை நன்றாகக் குலுக்கிவிட்டுத்தான் எடுத்தேன். போலி பெயின்டா ஐயா?
– தேவகோட்டை வாசகர்

பெயின்ட் அசல்தான். குலுக்கியதோடு விட்டுவிட்டீர்கள், அதுதான் சங்கதி. மேட் பெயின்டுக்குள் நிறம் தரும் பொடி இருக்கிறது, அதை ஒட்டவைக்கும் பசை இருக்கிறது, பளபளப்பைக் கெடுப்பதற்கென்றே போட்ட சிலிக்கா பொடியும் இருக்கிறது. பெயின்ட் காய்ந்ததும் சிலிக்கா துகள்கள் மேலே முட்டிக்கொண்டு நிற்கும். பட்ட வெளிச்சம் சிதறிப்போகும், நமக்கு மங்கலாகத் தெரியும். நிறப்பொடி மிகச் சன்னமானது. உதாரணத்துக்கு, வெள்ளை பெயின்டில் நிறம் தரும் டைட்டானியம் டையாக்ஸைடு துகள் ஏறக்குறைய கால் மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சிலிக்கா துகளோ சில மைக்ரான். துகளின் விட்டம் இரண்டு மடங்கானால் அது மூழ்கும் வேகம் நான்கு மடங்காகும். ஆகவே சிலிக்கா முந்திக்கொண்டு போய் அடியில் உட்கார்ந்துவிடும். நீங்கள் குலுக்கும்போது பச்சை மட்டும் மேலே கிளம்பும். கண்ணுக்குக் கலந்துவிட்ட மாதிரிதான் இருக்கும், அடி அசைந்திருக்காது.

மூடியைத் திறந்து குச்சி விட்டுக் கலக்குங்கள். பல்குச்சி வேண்டாம், அதன் கூர்முனை வண்டலில் ஓட்டைதான் போடும். நுனி தட்டையாக இருக்க வேண்டும். எவர்சில்வர் கம்பியின் முனையைச் சுத்தியலால் தட்டிச் சப்பையாக்கிக்கொண்டால் ஆயுசுக்கும் வரும். குச்சி ஐஸ் குச்சியை நெடுக்கில் பிளந்தாலும் போதும். முதலில் சுற்றாதீர்கள். அடிமூலையைச் சுரண்டி, வண்டலைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுவாருங்கள். குச்சியைத் தூக்கிப் பார்க்கும்போது நுனியில் கொழுக்கட்டை மாவு மாதிரி கட்டி ஒட்டியிருந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். கட்டி வருவது நின்ற பிறகு இரண்டு நிமிடம் மெதுவாகச் சுற்றுங்கள். கடைசியாகப் பாட்டிலைத் தலைக்குமேல் தூக்கி அடிக் கண்ணாடியைப் பாருங்கள். வெளிறிய வளையமோ திட்டோ தெரிந்தால் மறுபடியும் சுரண்டுங்கள். 14 மி.லி. எனாமல் டப்பா தகரம், உள்ளே பார்க்க வழியில்லை. அதில் குச்சி அடித்தகரத்தில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறதா என்று கையால்தான் உணர வேண்டும்.

பளபளக்கிற இறக்கையைச் சுரண்ட வேண்டாம். நன்றாகக் காய்ந்ததும், ஒழுங்காகக் கலக்கிய அதே பெயின்டை இன்னொரு கை மெல்லிசாக அடியுங்கள், சரியாகிவிடும். பெயின்ட் கலக்காமலே அதில் ஃப்ளாட் பேஸை (பளபளப்பைக் கெடுக்கத் தனியாகச் சேர்க்கும் கலவை) ஊற்றும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது எனக்கு உடன்பாடில்லை. அளவு மீறினால் வெள்ளையாகப் பூத்துவிடும்.

சொட்டு பாட்டிலில் சைக்கிள் கடை பேரிங் குண்டு போட்டால் நன்றாகக் கலக்கும் என்கிறான் நண்பன். போடலாமா?
– காரைக்குடி வாசகர்

எனாமலில் போடலாம், அதில் தண்ணீர் கிடையாது. தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கில் போட்டால் குண்டு துருப்பிடிக்கும். கறுப்பில் அது தெரியாது. வெள்ளையில் போட்டுவிட்டுக் கொஞ்ச நாள் கழித்துத் திறந்தால் கையில் இருப்பது சந்தனம். அக்ரிலிக்குக்கு 316 தர எவர்சில்வர் குண்டோ, துளை இல்லாத கண்ணாடி மணியோ வாங்குங்கள். 4, 5 மி.மீ. குண்டு இரண்டு போதும். குண்டை உள்ளே விட, பாட்டிலின் சொட்டு விழும் மூக்கைப் பக்கவாட்டில் நெம்பினால் கழன்று வரும்.

ஒரு விஷயம். குண்டு போட்டும் குலுக்கும்போது சத்தம் வரவில்லையா? குண்டு வண்டலில் புதைந்து கிடக்கிறது. பாட்டிலை ஓர் இரவு தலைகீழாக நிறுத்தி வைத்துவிட்டுக் குலுக்குங்கள். அப்படியும் சத்தம் இல்லாவிட்டால் மூக்கைக் கழற்றிக் கம்பி விடுவதுதான் வழி.

அப்பத்தாவின் மிக்ஸி மேல் பாட்டிலைக் கட்டி ஓடவிட்டேன். அப்பத்தா திட்டுகிறார்கள். இதற்கென்று மெஷின் உண்டா?
– பள்ளத்தூர் மாணவர்

அப்பத்தா பக்கம்தான் நியாயம். மெஷின் உண்டு. ஆய்வுக்கூடங்களில் வோர்டெக்ஸ் மிக்சர் என்று இருக்கும். அதன் ரப்பர் கிண்ணம் மையம் விலகிச் சுழலும், பாட்டிலை அதில் அழுத்திப் பிடித்தால் உள்ளே சுழி விழும். நெயில் பாலிஷ் குலுக்கும் சின்ன மெஷினும் இந்த வேலைக்கு ஆகும். உள்ளே போட்ட காந்தத் துண்டைச் சுழற்றிக் கலக்கும் மேக்னெட்டிக் ஸ்டிரர் வேண்டாம். கெட்டியான பெயின்டில் அதன் காந்தத் துண்டு திணறி நின்றுவிடும். போதாக்குறைக்கு, சில கறுப்பு, பழுப்பு பெயின்டுகளில் மேக்னடைட் என்ற இரும்பு ஆக்ஸைடு இருக்கிறது. அது காந்தத்திலேயே ஒட்டிக்கொள்ளும்.

நிறமில்லாத பளபள வார்னிஷை மட்டும் எந்த மெஷினிலும் வைக்காதே தம்பி, நுரை கட்டும். உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டு, அது போதும்.

எங்கள் பூர்வீக வீட்டை 1:50-ல் செய்கிறேன். ஓட்டு நிறத்துக்கு அசல் ஓட்டை வைத்தே பார்த்துப் பார்த்துக் கலக்கினேன். மாடலில் அடித்தால் கருத்துத் தெரிகிறது. ஆத்தங்குடித் தரைக்கல்லுக்கும் அதே கதி.
– கானாடுகாத்தான் வாசகி

ஆச்சி, உங்கள் கண் சரியாகத்தான் பார்க்கிறது. பெரிய பரப்பில் பார்க்கும் நிறம் சின்னப் பொருளில் அடர்ந்து தெரியும். 8 அங்குல ஆத்தங்குடிக் கல் 1:50-ல் 4 மி.மீ.தான். அதில் அசல் நிறத்தை அப்படியே வைத்தால் புள்ளியாகத்தான் தெரியும். நிறத்தைச் சற்று வெளுக்க வேண்டும். ஆனால் ஓட்டுக் காவியில் வெள்ளையைக் கொட்டிவிடாதீர்கள், ரோஸ் ஆகிவிடும். சந்தன நிறமோ மஞ்சள் காவியோ சேருங்கள். பச்சைக்கும் நீலத்துக்கும் வெள்ளை சரி.

வெளிர் நிறத்தை முதலில் தட்டில் விட்டு, அடர் நிறத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். தலைகீழாகச் செய்தால் கிண்ணம் நிரம்பிவிடும், நிறம் வராது. பாட்டிலைக் குலுக்கியதும் சொட்டு எண்ணாதீர்கள். நுரை அடங்கட்டும். காற்றோடு வரும் சொட்டு பாதி அளவுதான், கணக்குத் தப்பும். முதல் சொட்டு தண்ணியாக, நிறமில்லாமல் வந்தால் அது வெறும் பசை. துடைத்துப் போட்டுவிட்டு மறுபடி கலக்குங்கள். அக்ரிலிக் காய்ந்தால் ஒரு பிடி அடர்ந்துவிடும். ஆகவே பழைய பிளாஸ்டிக் ஸ்பூனில் அடித்துக் காயவைத்து, அதை ஓட்டுப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தாமியா கம்பெனி பெயின்டுக்கு வாங்கிய எக்ஸ்-20ஏ தின்னரை வயேஹோ கம்பெனி பெயின்டில் விடலாமா?
– புதுவயல் வாசகர்

கூடாது. அந்தத் தின்னரில் ஆல்கஹால் இருக்கிறது. தாமியா அக்ரிலிக் ஆல்கஹாலை ஏற்கும். வயேஹோ மாடல் கலர் தண்ணீர் சங்கதி, ஆல்கஹால் பட்டால் திரிந்து நூல்நூலாகிவிடும். திரிந்ததை எவ்வளவு கலக்கினாலும் மீளாது.

மூடி இறுகிவிட்டது. குறடு போட்டால் கண்ணாடி உடையுமோ என்று பயம்.
– கோட்டையூர் வாசகர்

பாட்டிலைக் கவிழ்த்து, மூடியை மட்டும் வெந்நீரில் கொஞ்ச நேரம் வையுங்கள். பிறகு மூடியில் ரப்பர் பேண்ட் சுற்றித் திருகுங்கள். அடுப்பில் காட்ட வேண்டாம், எனாமலிலும் தாமியாவிலும் இருக்கும் கரைப்பான் தீப்பிடிக்கும். இனிமேல் கலக்கிய குச்சியைப் பாட்டில் விளிம்பில் வழிக்காதீர்கள், உள்சுவரில் வழியுங்கள். மூடும் முன் விளிம்பையும் மரையையும் துணியால் துடைத்துவிடுங்கள்.